சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு வயர்

இமோஜீன் பிரேட்டர் தன் மகனின் புல்வெட்டும் வண்டியைக் கோடாலியால் வெட்டிப்போட்ட சத்தம் ஓடையின் இரு கரைகளிலும் கேட்டது. முதல் வெட்டு முகப்புத் தகரத்தில் விழுந்தது. அடுத்தது ஸ்டியரிங்கில். அதற்குப் பிறகு அவள் குறி எதுவும் பார்க்கவில்லை. கை ஓங்கிய இடத்தில் கோடாலி இறங்கியது. பெட்ரோல் கசிந்து முற்றத்து மண்ணில் ஊறியது. கிழிந்த சீட்டிலிருந்து பறந்த பஞ்சை ஏதோ தீனி என்று நினைத்துக் கோழிகள் துரத்திக்கொண்டு ஓடின.

ராஸ்கோ கையில் கடித்த சோளரொட்டியோடு வெளியே வந்தான். முப்பதைத் தொடும் ஆள், தாயைவிட இரண்டு மடங்கு அகலம். இருந்தும் படிக்கட்டைவிட்டுக் கீழே இறங்கவில்லை.

“அம்மா! பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?”

“ஆமாடா. கிட்ட வா, ஒனக்கும் ஒட்டிக்கும்.”

“அது என் வண்டி!”

“வண்டியா இது? சவப்பெட்டிக்கு நாலு சக்கரம் மாட்டி வெச்சிருக்க.”

கோடாலி முனையால் சீட்டைப் புரட்டினாள். அதன் அடியிலிருந்து விரல் நீள மஞ்சள் வயர் ஒன்றைப் பிடுங்கி அவன் முகத்தை நோக்கி வீசினாள். எடையே இல்லாத பொருள். பாதி வழியிலேயே காற்று அதை வாங்கிக்கொண்டது.

“யாரு போட்டது?”

“எல்லாரும் போடுறதுதான.”

“யாரு போட்டதுன்னு கேட்டேன்.”

“ஹோபர்ட் சித்தப்பா.”

“ம்.” கோடாலியை எஞ்சின் மேல் கடைசியாக ஒரு தடவை இறக்கி, அங்கேயே குத்தி நிற்க விட்டுவிட்டு, அவள் வீட்டுக்குள் போனாள்.

கென்டக்கியின் இந்தப் பக்கத்து மலைகளில் சமதரை வீட்டுக்கும் சோளத்துக்குமே போதாது. அதனால் செத்தவர்களை மேலே கொண்டுபோய் வைக்கிறோம். பிரேட்டர் குடும்பத்துக் கல்லறைத் தோட்டம் சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற சரிவில் இருக்கிறது. எல்லாரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். சரிவும் கிழக்கேதான் இறங்குகிறது. ஆகவே கல் வரிசைகள் சரிவுக்குக் குறுக்காக ஓடுகின்றன. நடுவே வண்டி விட்டால் அதுவும் குறுக்காகத்தான் ஓட வேண்டும்.

மே மாதத்தில், கல்லறைகளுக்குப் பூ வைக்கிற அலங்கார ஞாயிறு வரும். டெட்ராய்ட்டுக்கும் சின்சினாட்டிக்கும் பிழைக்கப் போன பிரேட்டர்கள் பிளாஸ்டிக் பூக்களோடு வந்து இறங்குவார்கள். பிரசங்கம் நடக்கும். கல்லறைகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பொரித்த கோழி சாப்பிடுவார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, கார் சாலை வளைவில் திரும்பும்போதே, எல்லாத் தலைகளும் மேலே பார்க்கும். வெட்டிய புல்லில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் மாறிமாறிக் கோடுகளாக, சரிவுக்குக் குறுக்கே, நூல் பிடித்தாற்போல் கிடக்க வேண்டும். கோடு கோணினால் அந்த வீட்டில் ஆம்பளை இல்லை என்று பேச்சு.

புல்வெட்டும் வண்டியைச் செய்கிறவர்கள் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவன் எழுந்தாலோ விழுந்தாலோ எஞ்சின் நின்றுவிடும். வயிற்றடியில் சுழலும் பிளேடும் கூடவே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான், சமதரையில் குடியிருப்பவர்களுக்கு. சரிவில் குறுக்கே போகிறவன் வண்டி கவிழாமலிருக்க மேட்டுப் பக்கமாக உடம்பைத் தொங்கவிடுவான். பாதி இடுப்பு காற்றில் நிற்கும். ஆள் விழுந்துவிட்டான் என்று ஸ்விட்ச் எஞ்சினை அணைத்துவிடும். ஒரு வரிசைக்குள் இப்படி நாலு தடவை அணைந்தால் கோடு எங்கே நேராக வரப்போகிறது? அதனால் எங்கள் ஆட்கள் ஸ்விட்ச்சுக்குப் போகிற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் முடிந்துவிடுவார்கள். அதன்பிறகு சீட்டில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது வண்டிக்குத் தெரியாது.

இமோஜீனின் புருஷன் டென்ஸில் செத்தது அப்படித்தான். அவனுக்கு அந்த வயரை முடிந்து கொடுத்தவள் இமோஜீன்.

பக்கத்து ஊரில் கார்களுக்கு வயர்க் கற்றை கட்டும் ஆலையில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. டென்ஸில் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினான். சுரங்கத்தை மூடிய பிறகு அடிப்பதற்கு அவனுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் அவள் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து முறித்தான். அவளும் சும்மா வாங்கிக்கொண்டு கிடந்தவள் இல்லை. பன்றிக்கொழுப்பு காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியை அவன் தோளில் கவிழ்த்தாள். போலீஸ் வண்டி வந்தது. வந்தவர்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, யாரைப் பிடித்துக்கொண்டு போவது என்று தெரியாமல் திரும்பினார்கள். ராஸ்கோ அந்த வீட்டில் பெரும்பாலும் மேசைக்கு அடியில் வளர்ந்தான்.

அந்த வருஷம் அலங்கார ஞாயிறுக்கு முன் மழை. விட்டதும் விடாததுமாக டென்ஸில் சரிவில் வண்டியை இறக்கினான். எஞ்சின் அணைந்தது. கிளப்பினான். மறுபடி அணைந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்திருந்த இமோஜீனைக் கூப்பிட்டு, ஸ்விட்ச்சைக் கண்டுபிடித்தவளே அவள்தான் என்பது போல் கன்னத்தில் அறைந்தான்.

“வயர்க்காரிதான நீ? சரிபண்ணு.”

ஆலையில் காலையிலிருந்து மாலைவரை அவள் செய்கிற வேலை. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. அவன் ஏறிப் போனான். கீழ்வரிசைக்குப் போனதும், சரிவு செங்குத்தாகிற இடத்தில், ஈரப்புல் வழுக்கி வண்டி புரண்டது. டென்ஸில் அடியில் கிடந்தான். பிளேடு நிற்கவில்லை.

எஞ்சினை அணைக்கிற சாவி அவன் மார்புக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. குழி நிரப்ப வைத்திருந்த மண்வெட்டியைத் தூக்கிச் சுழலும் பிளேடுக்குள் அவள் சொருகினாள். இரும்பை இரும்பு கவ்வியது. உடைந்த தகடு பறந்து வந்து அவள் இடது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை திறந்துவிட்டுப் போனது. பிளேடு நின்றது. அதற்கு முன்பே டென்ஸிலும் நின்றிருந்தான். அவன் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கீழ்வரிசைக் கடைசியில் அவனைப் புதைத்தார்கள்.

அடக்கம் முடிந்து சாப்பாடு பரிமாறும்போது டென்ஸிலின் தம்பி ஹோபர்ட் எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னான்: “வயர் வேலைய இவளுக்குச் சொல்லியா குடுக்கணும்? திட்டம் போட்டு முடிச்சிட்டா.” இமோஜீனின் இடது கையில் கட்டு. வலது கையில் பீன்ஸ் நிறைந்த கனத்த கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. ஹோபர்ட்டின் மூக்கு இன்றுவரை இடப் பக்கம்தான் பார்க்கிறது. மூக்கு வளைந்ததே தவிர அவன் பேச்சு வளையவில்லை. ராஸ்கோ அதைக் கேட்டுக்கொண்டேதான் மீசை முளைத்து ஆளானான். நிஜமா என்று அவன் தாயைக் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

ஆலையை விட்டுவிட்டு அவள் புல் வெட்டப் போனாள். தேவாலயம், பள்ளிக்கூடம், முடியாதவர்களின் முற்றங்கள். அவள் முறையே தனி. ஏறுமுன் தரை முழுக்க நடந்து கல்லும் கம்பியும் கிளையும் பொறுக்குவாள். பிளேடு துப்புகிற கூழாங்கல் துப்பாக்கிக் குண்டுக்குத் தங்கச்சி என்பாள். பனி காயாமல் எஞ்சினைக் கிளப்ப மாட்டாள். சரிவில் மேலும் கீழுமாகப் போவாளே தவிரக் குறுக்கே போகமாட்டாள். எந்தச் சரிவில் வண்டி பின்பக்கமாக ஏறவில்லையோ அங்கே வண்டியே கூடாது. நைலான் நூல் சுழலும் கைவெட்டிதான். பின்னால் வருவதென்றால் பிளேடை நிறுத்தி, கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் வருவாள். பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவர்கள் முற்றத்துக்குள்ளேயே போய் அறைந்துவிட்டு வருவாள். பாதிரியாரின் மருமகனும் ஒருமுறை வாங்கினான். “கர்த்தர் காப்பாத்துவார்ங்கிறான். கர்த்தருக்கா கால் போகப்போகுது?” என்று கேட்டுக்கொண்டே திரும்பி வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தை மட்டும் அவளிடம் யாரும் விடவில்லை. அது பிரேட்டர் ஆண்களின் வேலை. வருஷாவருஷம் ஹோபர்ட்தான் ஓட்டினான். இந்த வருஷம் அவனுக்கு முழங்காலில் அறுவை. முறை ராஸ்கோவுக்கு வந்தது. அதற்காகவே அவன் வண்டி வாங்கினான். அதற்காகவே அவள் கோடாலி எடுத்தாள்.

அன்று சாயங்காலம் ராஸ்கோ வெட்டுப்பட்ட வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்தான்.

“சித்தப்பா இத்தன வருசமா அந்த வயரோடதான ஓட்டுறாரு? அவருக்கு என்ன ஆச்சு?”

“குண்டு படாதவன் துப்பாக்கியே பொய்ங்குறான்” என்றாள் சன்னலுக்கு உள்ளேயிருந்து.

“நான் நாளைக்கு அவரு வண்டியிலயே ஓட்டத்தான் போறேன்.”

“கீழ்வரிசைய விட்டுரு. அத நான் நூலால வெட்டித் தர்றேன். மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்.”

“எங்கப்பன் கல்லறை அங்கதான இருக்கு? அத மட்டும் பொம்பள வெட்டினாள்னு பேச்சு வரட்டுமா?”

சன்னல் சாத்தப்பட்டது. கண்ணாடி விரிசல் விடுகிற அளவுக்குச் சாத்தப்பட்டது.

சனிக்கிழமை காலை களை பிடுங்க நாங்கள் சிலபேர் மேலே போயிருந்தோம். புல்லில் பனி கொட்டிக்கிடந்தது. ஹோபர்ட் நொண்டிக்கொண்டே தன் பழைய வண்டியை லாரியிலிருந்து இறக்கினான்.

“பிரேக் கொஞ்சம் தேஞ்சிருக்கு, மெதுவா அமுக்கு. மத்தபடி குதிர மாதிரி.”

“இதுலயும் வயர் இருக்கா சித்தப்பா?”

“இல்லாமயா? இது ஆம்பள வண்டிடா.” எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். “ஒங்கம்மா வந்தா ஓட்டத்த நிறுத்தாத. கோடாலியவிட வண்டி வேகமாப் போகும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். ராஸ்கோ மேல்வரிசையிலிருந்து தொடங்கினான். அழகாகத்தான் ஓட்டினான், இல்லையென்று சொல்ல முடியாது. உடம்பை மேட்டுப் பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வரிசை வரிசையாக இறங்கினான். பின்னால் கோடுகள் இரண்டு பச்சையாகப் பிரிந்து கிடந்தன. ஹோபர்ட் கை தட்டினான்.

இமோஜீன் ஏறி வந்தாள். கையில் கோடாலி இல்லை. தோளில் கைவெட்டி தொங்கியது. அதை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, சரிவு செங்குத்தாகத் தொடங்குகிற வரிசையின் நடுவே போய்க் கால்களை நீட்டி உட்கார்ந்தாள்.

“கீழ நீ வரமாட்ட” என்றாள். கத்தவில்லை.

“பாத்தீங்களா?” என்றான் ஹோபர்ட். “பிரேட்டர் கல்லறைய நூலு வெச்சு வழிக்கப் போறாளாம். ஊரே சிரிக்கும்.”

“ஒன் மூக்கப் பாத்துச் சிரிச்சு முடிக்கவே ஊருக்கு நேரம் பத்தல ஹோபர்ட். வாய மூடு.”

ராஸ்கோவின் காது சிவந்தது. வண்டி வரிசைக் கோடியில் திரும்பி அவளை நோக்கி வந்தது. வேகம் குறையவில்லை. பிளேடின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. அடியிலிருந்து தெறித்த கல் ஒன்று பக்கத்துக் கல்லறையில் மோதித் திரும்பி அவள் புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவுமில்லை, நகரவுமில்லை. கடைசி நொடியில் ராஸ்கோ ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்து, பிரேக்கை மிதித்துப் பூட்டி, கியரை விடுவித்துவிட்டுக் குதித்தான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிளேடு சுழன்றுகொண்டிருந்தது. சீட்டு காலியாக இருந்தது.

அவன் அவளுடைய தழும்புக் கையைப் பிடித்துப் புல்லில் தரதரவென்று இழுத்தான்.

“எந்திரி! எந்திரின்னேன்! எங்கப்பனக் கொன்னவ நீ. எனக்கு நீ வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?”

களை பிடுங்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. இத்தனை வருஷம் அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே பேசப்படாத பேச்சு. அவள் அவன் தோளுக்கு அப்பால் பார்த்தாள்.

“ராஸ்கோ, பின்னால பாரு.”

தேய்ந்த பிரேக் வண்டியை விட்டுவிட்டது. முகம் பள்ளத்தைப் பார்த்திருந்ததால் அது யோசிக்கவே இல்லை. ஆளில்லாத சீட்டோடு, ஈரப்புல்லைச் சீவிக்கொண்டே கிளம்பியது.

“பிடிடா! என் வண்டி!” ஹோபர்ட் அலறினான்.

ராஸ்கோ பாய்ந்தான். எந்த ஆணும் பாய்ந்திருப்பான். போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் உடம்புக்குத் தெரியாது. ஒரு கை சீட்டின் முதுகைப் பிடித்தது. அதே கணத்தில் பூட்ஸ் பனியில் வழுக்கியது. மல்லாந்து விழுந்து, கால் முன்னால் நீள, வண்டியின் வயிற்றடியை நோக்கிச் சறுக்கினான். பிடியை மட்டும் விடவில்லை.

இமோஜீன் அவன் மேல் விழுந்தாள். இரண்டு கைகளாலும் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“விடு!”

“நீ விடுறா நாயே!”

அவன் முழங்கை அவள் வாயில் இறங்கியது. பல் உடைகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவள் பெல்ட்டை விடவில்லை. சீட்டைப் பிடித்திருந்த அவன் கையைக் கடித்தாள். எலும்புவரை கடித்தாள். அவன் ஊளையிட்டுக் கையை எடுத்தான். வண்டி போயிற்று. அவன் எழப் பார்த்தபோது அவள் முஷ்டியால் முகத்தில் குத்தினாள், மறுபடி குத்தினாள், தாயும் மகனும் ஒருவர்மேல் ஒருவர் புரண்டு யாரோ ஒரு பெரியப்பனின் கல்லில் மோதி நின்றார்கள்.

வண்டி பிளாஸ்டிக் பூக்களுக்குள் புகுந்தது. சிவப்பும் மஞ்சளும் துணுக்குகளாகி வானத்தில் ஏறின. டென்ஸிலின் கல்லில் மூக்கை இடித்து, அதன்மேல் ஏறி, மல்லாக்கக் கவிழ்ந்தது. பிளேடு இப்போது வெளியே வந்து, வெயிலில் பளபளத்து, வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. அணைய வேண்டிய எஞ்சின் அணையவில்லை. கிட்டே போகிற தைரியம் ஹோபர்ட் உட்பட ஒருவருக்கும் இல்லை. அது வெள்ளைப் புகை கக்கி, தானாக மூச்சு முட்டிச் சாகும்வரை நாங்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு நேரம் பிடித்தது. ஒரு மனிதன் அடியில் கிடந்தால் அவனுக்குப் போதுமான நேரம்.

ராஸ்கோ தன் வலது பூட்ஸைப் பார்த்தான். முனைத் தோல் சீவியெடுக்கப்பட்டிருந்தது. கிழிந்த காலுறைக்குள் பெருவிரல் முழுசாக இருந்தது. அதை அசைத்துப் பார்த்தான்.

“அப்பாவுக்கு வயர் போட்டது நீதான?” தலை நிமிராமலே கேட்டான்.

“நான்தான்.”

“வேணும்னேவா?”

அவள் இரத்தத்தோடு பல்லைத் துப்பினாள். “ஒங்கப்பன் சாகணும்னு தினம் வேண்டியிருக்கேன். அடுப்புல நிக்கும்போது. துணி காயப்போடும்போது. அவன் பக்கத்துலயே படுத்துக்கிட்டு வேண்டியிருக்கேன். அந்த வயரப் போட்டப்ப மட்டும் வேண்டல. கன்னம் எரிஞ்சுது. வெரசா முடிச்சா அடுத்த அறை விழாதுன்னு நெனச்சேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாண்டா.”

ஹோபர்ட் நொண்டியபடி இறங்கி வந்தான். “அண்ணன முடிச்சா, இப்ப என் வண்டியயும்...” அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. ராஸ்கோ எழுந்து, கடிபட்ட கையால், அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான். மறுபக்கத்திலிருந்து வாங்கியதால் நேராகிவிடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஆகவில்லை.

ராஸ்கோ போய், கல்லில் சாய்ந்திருந்த கைவெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். கிளப்பவில்லை. புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பனி காய்கிறவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் டெட்ராய்ட் கார்கள் வளைவில் திரும்பும்போது எல்லாரும் மேலே பார்த்தார்கள். மேல்வரிசைகளில் கோடுகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. கீழே கோடே இல்லை. குருடன் சவரம் செய்த தாடை மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. டென்ஸிலின் கல்லில் புதிதாக ஒரு விள்ளல்.

பிரசங்கம் முடிந்து சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் ஒரு மச்சான் கேட்டான்: “கீழ யாரு வெட்டினது? கண்றாவியா இருக்கு.”

வாய் வீங்கி, புருவத்தில் தையலோடு, உருளைக்கிழங்கு மசியலை மட்டும் மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள் இமோஜீன். பக்கத்தில் ஒரு கண் மூடிப்போன ராஸ்கோ கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் வெட்டினேன்” என்றான். “நல்லா இல்லன்னா எங்கம்மாகிட்ட சொல்லிக்க.”

மச்சான் அவளைப் பார்த்தான். பிறகு கோழி நன்றாகப் பொரிந்திருக்கிறது என்றான்.